நீலகிரிக்குக் குடிவருகிறவர்கள் தோலைப் பார்த்துக்கொள்வது எப்படி?

கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், தோட்ட வேலைக்கு வருகிற குடும்பங்கள் என்று வருடம்தோறும் புது முகங்கள். ஸ்வெட்டர், கம்பளி, குல்லா, கீசர் எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வருவார்கள். தோலைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. டிசம்பர் பிறந்ததும் கடைக்கு வந்து, "அண்ணா, உடம்பெல்லாம் அரிக்குது, ஏதாவது க்ரீம் குடுங்க" என்பார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மருந்து க்ரீமே தேவைப்படாது. குளிக்கிற விதத்தை மாற்றினால் போதும். வியாபாரியாக இதைச் சொல்லக் கூடாதுதான்!

தோல் மூன்று அடுக்கு. மேலே இருப்பது மெல்லிய மேல்தோல். அதன் வெளிப்புறம் காய்ந்த செல்களும் அவற்றுக்கு இடையில் கொழுப்பும் சேர்ந்த ஒரு படலம். உடம்பின் ஈரத்தை உள்ளே நிறுத்துவதும் கிருமியை வெளியே நிறுத்துவதும் அதுதான். சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். நடுவில் ரத்தக்குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள் உள்ள உள்தோல். அதற்கும் கீழே கொழுப்புத் திசு. மலையில் மூன்றுக்கும் வெவ்வேறு சிக்கல் வரும். மேல் அடுக்கு வறண்டு வெடிக்கும், நடு அடுக்கில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், வெடிப்பு வழியாகக் கிருமி இறங்கினால் கீழ் அடுக்கு வீங்கும். மூன்றாவதுதான் ஆபத்து. ஆனால் அதைத் தடுக்கிற வேலை முதல் அடுக்கிலேயே முடிந்துவிடும்.

முதல் படி: குளியல்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் 1,850 சொச்சம். குளிர்ந்த காற்றில் ஈரம் தங்குவது குறைவு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழையும் இல்லாதபோது அந்தக் காற்று தோலிலிருந்துதான் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். இது போதாதென்று நாம் ஆவி பறக்கிற வெந்நீரில் அரை மணி நேரம் நின்று, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம். மேலே சொன்ன கொழுப்புப் படலத்தை வெந்நீரும் சோப்பும் சேர்ந்து கரைத்து எடுத்துவிடும். குளித்து முடித்த அரை மணியில் முழங்காலுக்குக் கீழே அரிப்பு தொடங்கும். சொறிந்தால் வெள்ளைக் கோடு விழும்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். ஐந்து, பத்து நிமிடத்தில் குளியலை முடித்துவிடுங்கள். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். இந்தக் குளிரில் கைக்கும் முதுகுக்கும் தினமும் சோப்பு வேண்டாம். பீர்க்கங்கூடு, கல் எல்லாம் கீழே ஊரிலேயே இருக்கட்டும். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, தோலில் ஈரப்பதம் இருக்கும்போதே, அதாவது இரண்டு மூன்று நிமிடத்துக்குள், எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். நன்றாகக் காய்ந்த தோலில் தடவினால் பாதிப் பலன்தான்.

விலை உயர்ந்த லோஷன் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் நல்ல ஈரக்காப்புதான். ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஊட்டிக் குளிரில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. அகன்ற வாய் டப்பாவில் ஊற்றி வைத்துக்கொண்டு ஸ்பூனால் சுரண்டி எடுங்கள், உள்ளங்கைச் சூட்டில் உருகிவிடும். கைக்கும் காலுக்கும் வெள்ளை வாசலின் இதைவிட நன்றாக நிற்கும். ஒட்டுகிறதே என்பதுதான் அதன் மேலுள்ள ஒரே புகார். வாங்கும்போது வாசனை இல்லாததாகப் பாருங்கள். வெடித்த தோலில் வாசனைப் பொருள் பட்டால் எரிச்சலும் ஒவ்வாமையும் வரும்.

கம்பளி நூல் ஸ்வெட்டரை வெறும் தோலில் போடாதீர்கள், உள்ளே பருத்தி பனியன் இருக்கட்டும். கரப்பான் (எக்ஸிமா) என்கிற தோல் அரிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு இது ரொம்ப முக்கியம். அவர்களைப் பாடாய்ப்படுத்துவதில் பாதி அந்த நூலின் உராய்வுதான்.

இரண்டாவது படி: வெயில்

குளிராக இருப்பதால் வெயில் சுடாது என்று நினைப்பது இயல்பு. சூட்டைத் தருகிற கதிரும் தோலைச் சுடுகிற புறஊதாக் கதிரும் வேறுவேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதா ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஊட்டி உயரத்தில் கோயம்புத்தூரைவிட அது நிச்சயம் அதிகம், மெல்லிய மேகத்தையும் ஊடுருவி வந்துவிடும். குளிர்காற்று வீசுவதால் தோல் எரிவது அப்போது தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் மூக்கும் கன்னமும் காந்தும்.

காலை 10 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே வேலை என்றால் அகன்ற விளிம்புத் தொப்பி அவசியம். மங்கி குல்லா முகத்துக்கு நிழல் தராது. சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 போதும், அதற்கு மேலே போகப்போகக் கூடுகிற பாதுகாப்பு கொஞ்சம்தான். முகம், காது, கழுத்துக்குச் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும். நம் ஆட்கள் பட்டாணி அளவு எடுத்துவிட்டு "இது வேலை செய்யலீங்க" என்று திரும்பக் கொண்டுவருவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். கன்னத்தில் மங்கு உள்ள பெண்களுக்கு மலை வெயிலில் அது இன்னும் கறுக்கும். மங்குக்கு எந்தச் சிகிச்சை எடுத்தாலும் வெயில் மறைப்பு இல்லாமல் நிற்காது. உதட்டை நாக்கால் ஈரப்படுத்தாதீர்கள், எச்சில் காயக்காய வெடிப்பு கூடும். நெய்யோ வாசலினோ தடவினால் அடங்கிவிடும்.

மூன்றாவது படி: கால்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பித்தவெடிப்பை நாம் அழகுப் பிரச்சினையாக நினைக்கிறோம். குதிகாலில் ரத்தம் கசிகிற அளவு வெடித்திருந்தால் கிருமிக்கு அது திறந்த வழி. விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிக் கிடக்கிற சேற்றுப்புண்ணும் அப்படித்தான். அந்த வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியா உள்ளே போய் உள்தோலிலும் கொழுப்புத் திசுவிலும் பரவுவதைத்தான் டாக்டர்கள் செல்லுலைட்டிஸ் என்கிறார்கள். கால் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும், வலிக்கும். சிவப்பின் ஓரம் மணிக்கு மணி நகரும். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்து வரலாம். பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சிவந்திருந்தால் காரணம் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிச் சிவப்பு தெரிந்தால் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். காலை உயர்த்தி வைத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கோட்டைத் தாண்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பார்த்தால், மாத்திரையில் சமாளிக்கலாமா, படுக்க வைத்து ஊசி போட வேண்டுமா என்று முடிவெடுக்க அவருக்கு எளிது. என் கடைக்கு வந்து ஆன்டிபயாடிக் இரண்டு வேளைக்கு மட்டும் கேட்பவர்களுக்கு நான் தருவதில்லை. பாதியில் அடங்கின மாதிரி இருந்துவிட்டுத் திரும்ப வரும்போது அது இன்னும் மோசமாக வரும். தோலில் தெரிகிற சிவப்பு கொஞ்சமாக இருந்தும் வலி தாங்க முடியாமல் இருந்தாலோ, தோல் கறுத்துக் கொப்புளம் கிளம்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கிருமி ஆழத் திசுவைத் தின்கிற நிலை அது.

தடுப்பது சுலபம். ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை வைத்து, துடைத்து, விரல் இடுக்குகளை நன்றாக உலர்த்துங்கள். குதிகாலில் வாசலினோ யூரியா கலந்த க்ரீமோ தடவிப் பருத்தி சாக்ஸ் போட்டுப் படுங்கள். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய்ப் பசை எதுவும் வேண்டாம். வெடிப்பை பிளேடால் சீவுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதலாக இரண்டு செய்ய வேண்டும். ஷூ போடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ வீட்டு ஆளைக் கேட்டோ பார்த்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்து கொப்புளத்தைப் பார்த்தவர்கள் இங்கே உண்டு.

குளிர் வீக்கமும் அடுப்பும்

ஜனவரி காலையில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லின்மேல் உறைபனி படிந்திருப்பதைப் பார்க்க ஆட்கள் வண்டி போட்டுக்கொண்டு போகிறார்கள். ஆனால் கால்விரல் வீங்குவதற்கு உறைபனி வேண்டியதில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்தாலே போதும். குளிரில் விரல் நுனியின் சிறு ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. உடனே அடுப்பில் காட்டினால் மேல்தோல் சட்டென்று சூடாகி ரத்தம் பாய, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, சிவப்பும் ஊதாவுமாக வீக்கங்கள் கிளம்பும். எரிச்சலும் அரிப்பும் ராத்திரி போர்வைக்குள் போனதும் கூடும். இதற்குச் சில்பிளெய்ன் என்று பேர். பூச்சிக்கடி என்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் வருவார்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறிவிடும், சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால். ஈர சாக்ஸை உடனே மாற்றுங்கள். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணிப்பதைவிடத் தளர்வான ஷூவில் ஒரு தடித்த சாக்ஸ் மேல். விறைத்த விரலை அக்குளில் வைத்தோ போர்வைக்குள் வைத்தோ மெல்ல மெல்லச் சூடாக்குங்கள். புகை பிடிப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். அட்டினலால் போன்ற சில பிரஷர் மாத்திரைகளும் விரலைக் குளிரவைக்கும். அதை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வெயில் காலம் வந்தும் ஆறாவிட்டால் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலுக்குக் கீழ் பழுப்பு நிறத்தில் வலைப்பின்னல் மாதிரி ஒரு கறை விழும். மடியில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறவர்களுக்கு வயிற்றில் வரும். தோல் வேகாத அளவுச் சூடு நாள்கணக்கில் படுவதால் வருவது அது. சூட்டை விலக்கினால் மெதுவாக மங்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் அரிதாகப் புற்றாக மாறலாம். காஷ்மீரில் கணப்புச் சட்டியை உடையோடு அணைத்து வைத்துக்கொள்பவர்களுக்கு அப்படி வருவது மருத்துவப் புத்தகங்களில் பழைய செய்தி. அப்புறம், கரி அடுப்பைப் பூட்டிய அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. இது தோல் சமாச்சாரம் இல்லை, உயிர் சமாச்சாரம். கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மழைக்காலம்

கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் போகிறவர்களுக்கு ஜூனிலிருந்தே அடைமழை. கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. துணி காயாது. உள்ளாடை ஈரத்தோடு இருந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை நிச்சயம். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஈரம் போக்கிய பிறகு உடுத்துங்கள். படர்தாமரை வந்துவிட்டால் கடையில் "மூணு மருந்து கலந்த க்ரீம்" கேட்காதீர்கள். அதில் குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை மட்டும் உள்ளே நிம்மதியாக வளரும். தோல் மெலிந்து வரி விழும். இன்றைக்கு ஆறாத படர்தாமரையோடு இத்தனை பேர் அலைவதற்கு இந்தக் கலவை க்ரீம்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. பூஞ்சைக்கு மட்டுமான மருந்தை, டாக்டர் சொன்ன நாள் வரை, படையைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் தள்ளியும் தடவ வேண்டும்.

அட்டை கடித்தால் பதற வேண்டாம். அதன் வாய் ஒட்டிய ஓரத்தில் நகத்தைச் செலுத்திப் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும். தீக்குச்சி வைப்பதும் உப்பை மேலே கொட்டுவதும் அது உண்டதைக் காயத்துக்குள்ளேயே கக்கவைக்கும் என்பதால் நல்லதில்லை. ரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் மணிக்கணக்கில் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டுங்கள். இங்குள்ளவர்கள் புகையிலைத் தூளையும் உப்பையும் சாக்ஸின்மேல் பூசிக்கொண்டு போவார்கள், அது நல்ல யோசனை.

அட்டையைவிட நான் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிக்கு. புதர், உயரமான புல், தேயிலைத் தோட்ட ஓரங்களில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் வரலாம். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவார்கள். கடித்தபோது வலிக்காது. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி. உடம்பைத் தேடினால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என எங்காவது சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அதுவும் வலிக்காது, அரிக்காது. அதனால்தான் யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லை. எல்லோருக்கும் இந்தப் பொருக்கு வருவதும் இல்லை. டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தில் சீக்கிரம் கேட்கிற நோய், தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும். ஆகவே காய்ச்சலோடு போகும்போது "தோட்டத்துக்குப் போனேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். புல்வெளியில் வெறுமனே படுக்காதீர்கள். திரும்பி வந்ததும் உடை மாற்றிக் குளித்துவிடுங்கள்.

கம்பளியோடு வருவது

குளிர் காலத்தில் ஒரே கம்பளிக்குள் மூன்று பேர் தூங்குகிற வீடுகளில் சிரங்கு ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் போகும். ராத்திரி கூடுகிற அரிப்பும், விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய சிறு பருக்களும் அடையாளம். பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தடவி எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். அரிக்காதவர்கள் உட்பட வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் தடவினால்தான் ஒழியும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டு. துவைக்க முடியாத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் போட்டுவிடுங்கள், பூச்சி செத்துவிடும். மருந்துக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம், அதற்காகத் தினமும் தடவாதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு

இன்சுலின் போய்ச் சேருவது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில். குளிரில் அங்கே ரத்த ஓட்டம் குறைவதால் மருந்து மெதுவாக ஏறும். ஊசி போட்ட இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தாலோ சட்டென்று ஏறிச் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மலைக்கு வந்த முதல் வாரங்களில் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி சோதியுங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு கட்டியாகத் திரண்டிருந்தால் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள். மருந்தை ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண்.

தைலங்கள்

ஊட்டிக்கு வந்தால் நீலகிரித் தைலமும் வின்டர்கிரீன் எண்ணெயும் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. இரண்டையும் அப்படியே தோலில் ஊற்றாதீர்கள், தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்து தடவுங்கள். கைக்குழந்தையின் மார்பிலும் மூக்கிலும் வேண்டவே வேண்டாம். வின்டர்கிரீன் எண்ணெயில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் இனம். ஒரு டீஸ்பூன் குடித்தால் ஏறக்குறைய 7 கிராம் சாலிசிலேட் உள்ளே போகும். குழந்தை உயிருக்கே ஆபத்து. அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் தொடக் கூடாது.

குரங்கு, நாய்

குரங்கு பிறாண்டினால்கூடச் சாதாரணமாக விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்குங்கள். இப்போது அதைத் தோலுக்குள்ளேயே, 0.1 மில்லி வீதம் இரண்டு கைகளின் மேற்பகுதியிலும் போடுகிறார்கள். போட்ட நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். கொஞ்ச மருந்திலேயே நல்ல எதிர்ப்பு வருவதற்குக் காரணம் தோலில் நோய் எதிர்ப்புச் செல்கள் செறிவாக இருப்பதுதான். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்கிற, உடனடி எதிர்ப்பு தருகிற மருந்தையும் போடுவார்கள். வெறிநாய்க்கடி ஆராய்ச்சிக்காகவே 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிய மலை இது. இங்கே இருந்துகொண்டு ஊசியைத் தவறவிட்டால் யாரிடமும் காரணம் சொல்ல முடியாது.

டாக்டரிடம் போகும்போது

மேலே சொன்னவை தவிர, தொட்டால் உணர்ச்சி தெரியாத வெளிர்ந்த படை, ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், நிறமோ வடிவமோ மாறுகிற மச்சம் ஆகியவற்றுக்குக் கடைக்கு வராதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். உணர்ச்சியற்ற படை தொழுநோயாக இருந்தால் 6 அல்லது 12 மாத மருந்தில் குணமாகும், அரசு அதை இலவசமாகவே தருகிறது. போகும்போது இதுவரை தடவிய க்ரீம் ட்யூப் அத்தனையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அரிப்பு அதிகமாக இருந்த நாளில் செல்போனில் எடுத்த படமும் இருக்கட்டும், டாக்டர் பார்க்கிற நேரத்தில் தோல் தெளிவாக இருப்பது வழக்கம். அன்றைக்கு மட்டும் தோலில் எண்ணெய், பவுடர் எதுவும் போடாமல் போங்கள்.